ஆயிரத்து எண்ணூறு

வண்டி இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் துழாவிய மொரீனுக்கு எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு காகித உறை அகப்பட்டது. வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். உள்ளே, இறைச்சியை மாவில் சுற்றிச் சுட்ட சாசேஜ் ரோலின் பொருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. ஓரத்தில் தக்காளி சாஸ், இன்னும் காயக்கூட இல்லை.

நெவில் பின்வாசல் படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். உறையை அவன் மடியில் போட்டாள்.

"இது என்ன?"

"காகிதம்."

"உள்ள என்ன இருந்துச்சு?"

"அதான் மோப்பம் பிடிச்சுக் கண்டுபிடிச்சிட்டியே. அப்புறம் என்கிட்ட எதுக்குக் கேக்குற?"

மொரீனுக்குக் காது மடல் வரை சூடேறியது. ஒரு சாசேஜ் ரோல் என்றால் ஒரு நாள் சாப்பாட்டில் முக்கால்வாசி. அதை நின்ற வாக்கில் நாலு கடியில் விழுங்கிவிட்டு, உறையை இருக்கைக்கு அடியில் திணித்திருக்கிறான், ஐம்பத்தெட்டு வயது மனுஷன்.

"இன்னும் ஒன்றரைக் கிலோ நெவில். வெறும் ஒன்றரைக் கிலோ."

அந்த ஒன்றரைக் கிலோவில்தான் அவனுடைய முழங்கால் தொங்கிக்கொண்டிருந்தது. நூற்றுப் பத்துக்குக் கீழே இறங்கி வந்தால்தான் கத்தியைக் கையில் எடுப்பேன் என்று அறுவை மருத்துவர் சொல்லிவிட்டார். நெவில் அப்போது நூற்று இருபத்தொன்று. ஜூன் மாதம் வரை அவகாசம் கொடுத்திருந்தார்கள். ஆனால் பத்தொன்பது நாளில் முள் சரசரவென்று இறங்கியதைப் பார்த்த மொரீன், மருத்துவரின் அலுவலகத்துக்குத் தினம் ஒரு தடவை போன் போட்டுப் போட்டு, யாரோ வேண்டாமென்று விட்ட ஒரு தேதியைப் பிடித்துவிட்டாள். மார்ச் இருபத்தெட்டு. அன்று காலை எடை சரியாக இருந்தால் அன்றே அறுவை. இல்லாவிட்டால் பழையபடி ஜூன்வரை, படியேறும்போதெல்லாம் அந்த முழங்கால் ஜல்லியை அரைப்பதுபோல் போடுகிற சத்தத்தை அவள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

"பசிச்சுது மொரீன்."

"பசிக்கும். பசிக்கும்னு அந்தப் பொண்ணு அன்னிக்கே சொன்னா."

"இது அந்தப் பசி இல்ல. கை நடுங்குது. வண்டியில ஏறி உக்காந்தா ரோடு ரெண்டா தெரியுது."

"முதல் தடவை டயட் இருந்தப்போ தலைவலின்னே. ரெண்டாவது தடவை வயித்துல புண்ணுன்னே. இப்போ ரோடு ரெண்டாயிடுச்சா? பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு இருக்கு."

நெவில் அவளை நிமிர்ந்து பார்த்தான். எழுந்து உள்ளே போய் இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தான்.

அந்தப் பெண் என்று மொரீன் சொன்னது இமோஜெனை. நகரத்தில் இருக்கிற உணவு ஆலோசகர். இந்த ஊருக்கு அப்படி யாரும் வருவதில்லை, மாதத்துக்கு ஒருமுறை போனில்தான் பேச்சு. முதல் அழைப்பு வந்தபோது நெவில் சிக்னல் கிடைக்காத ஏதோ ஒரு மண்சாலையில் சாலையைச் சமன்படுத்தும் நகராட்சியின் கிரேடரை ஓட்டிக்கொண்டிருந்தான். மொரீன்தான் பேசினாள். உயரம், வயது, எடை, என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று குடைந்து குடைந்து கேட்டுவிட்டு, கடைசியில் அந்தப் பெண் ஒரு எண்ணைச் சொன்னாள். ஒரு நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு. முதல் சில வாரம் பசிக்குது என்று பேரம் பேசுவார், விட்டுக் கொடுத்துடாதீங்க என்றாள். மொரீன் ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் 1800 என்று கொட்டை எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

அவள் வேலை பார்ப்பது ஊர்த் தபால் நிலையத்தில். இருபத்திரண்டு வருஷமாக ஒரு கிராம் கூடினாலும் அடுத்த கட்டணம் வாங்குகிறவள். அலுவலகத்தில் கழித்துக் கட்டிய தராசை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு பாக்கெட்டின் பின்பக்கத்தையும் மூக்குக்கண்ணாடி வைத்துப் படித்து, கூட்டி, நிறுத்துப் போட்டாள். காலையில் கொழுப்பு நீக்கிய பாலில் இரண்டு கோதுமை பிஸ்கட். பத்து மணிக்கு வெள்ளரித் துண்டுகள். மதியம் சின்ன டின் மீன். சாயந்திரம் இரண்டு முட்டை, ஒரு ஆப்பிள். முதல் நாள் அந்தத் தட்டைப் பார்த்தபோது அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனால் இரண்டு தடவை மனம் இளகி இளகித்தான் தோற்றிருந்தார்கள். இந்தத் தடவை இளகுவதில்லை என்று பல்லைக் கடித்தாள்.

நெவில் உள்ளே போனதும் அவள் டெஸ்ஸுக்குப் போன் போட்டாள். டெஸ் அதே சாலை வேலையில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். நெவிலுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி.

"நீதானே வாங்கிக் குடுத்தே?"

"நான்தான். நாளைக்கும் வாங்கிக் குடுப்பேன்."

"முழங்கால் உன்னோடதா, அவனோடதா?"

"மொரீன், பத்து மணிக்கு எல்லாரும் டீயும் பன்னுமா உக்காருவோம். உன் புருஷன் டப்பாவைத் தொறந்தா அஞ்சு வெள்ளரித் துண்டு. எங்க வீட்டு முயலுக்கு அதைப் போட்டா சங்கத்துல சேந்து வேலைநிறுத்தம் பண்ணும்."

"உன் முயலுக்கு மூட்டு மாத்தணும்னு எந்த டாக்டரும் சொல்லல. இன்னொரு தடவை அவன் கையில எதாவது குடுத்தே, உன் தபால் எல்லாம் பக்கத்து ஊருக்குப் போயிடும். நான் பொறுப்பில்ல."

போனை வைத்துவிட்டு முட்டையை எடைபோட்டாள். அன்று சாசேஜ் ரோலுக்கு ஈடாக ஒரு முட்டையைக் குறைத்தாள். நெவில் மறுபேச்சு பேசாமல் சாப்பிட்டு எழுந்தான்.

மறுநாள் பத்தேகாலுக்கு டெஸ்ஸே கூப்பிட்டான். தேநீர் வேளைக்குக் கிரேடரிலிருந்து இறங்கும்போது நெவில் மூன்றாவது படியிலிருந்து அப்படியே மல்லாக்க விழுந்துவிட்டான். கண்ணைத் திறந்துவிட்டான், ஆனால் இன்றைக்கு என்ன கிழமை என்று தெரியவில்லை. ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது.

மொரீன் தபால் நிலையத்தைப் பூட்டிவிட்டு, ஒன்றேகால் மணி நேரம் வண்டி ஓட்டி நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள். வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனாள். டெஸ்ஸை, அந்த சாசேஜ் ரோலை, நகராட்சியை, தொப்பி போடாமல் வெயிலில் நின்றிருப்பான் என்று நெவிலை.

எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் இதயத் துடிப்பு ஒழுங்காக இல்லை, ரத்தத்தில் உப்புச் சத்தெல்லாம் தரைமட்டம் என்றார் இளம் மருத்துவர். பரிசோதனை முடிய ஒரு மணி நேரமாகும், ஏதாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று செவிலியர் மொரீனையும், ஆம்புலன்ஸ் பின்னாலேயே வந்திருந்த டெஸ்ஸையும் வெளியே அனுப்பினாள். டெஸ் எதிரே இருந்த பொரித்த கோழிக் கடைக்கு அவளை இழுத்துக்கொண்டு போனான்.

"சாப்பிடு."

"தொண்டையில எறங்காது."

"அப்போ நான் சாப்பிடறதப் பாரு. நீ யாரும் சாப்பிடறதப் பாத்து மூணு வாரம் ஆச்சு."

பழக்க தோஷத்தில் அவள் கண் மேலே இருந்த விலைப் பலகைக்குப் போய் எண்களைக் கூட்டத் தொடங்கியது. ஒவ்வொரு பண்டத்துக்கும் நேரே விலை, அதற்குப் பக்கத்தில், பாக்கெட்டுகளில் போட்டிருப்பதுபோலவே, அதிலுள்ள சக்தி கிலோஜூல் கணக்கில். சின்னப் பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவல் ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது. சின்னப் பொட்டலம். டெஸ் முன்னால் இருந்த அதே பொட்டலம். அதைத் தின்றால் நெவிலுக்கு அந்த நாளே முடிந்தது, ஐம்பது கூட.

பலகையின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி ஓடியது. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 8700 கிலோஜூல் தேவை.

மொரீன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள்.

"டெஸ், அந்தக் கடைசி வரியைப் படி."

"எட்டாயிரத்து எழுநூறு. எல்லாக் கடையிலயும் போட்டிருப்பான், சட்டம். யாரு படிக்கிறா?"

"நான் அவனுக்கு ஆயிரத்து எண்ணூறுதான் குடுத்தேன்."

டெஸ்ஸின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. "எதுல?"

"இதுல. இதே கிலோஜூல்ல."

கடைக்கு வெளியே நடைபாதையில் நின்று இமோஜெனுக்குப் போன் போட்டாள். கத்துவதற்கு வார்த்தைகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள்.

"கலோரி, மொரீன்," என்றாள் இமோஜென். "ஆயிரத்து எண்ணூறு கலோரி. கிலோஜூல்ல பாத்தா ஏழாயிரத்து ஐந்நூறு. ஒரு கலோரிக்கு நாலு கிலோஜூலுக்கு மேல வருமே."

"நீங்க அப்படிச் சொல்லவே இல்ல."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "கலோரின்னுதான் சொன்னேன். அவர் வேலைக்கும் உடம்புக்கும் ஒரு நாளைக்கு ரெண்டாயிரத்து எழுநூறு செலவாகும். அதுல மூணுல ஒரு பங்கு குறைச்சேன். வாரத்துக்கு முக்கால் கிலோ எறங்கும், ஜூனுக்குள்ள சரியா வந்துடும்னு கணக்கு. ஆனா எழுதி அனுப்பியிருக்கணும். அது என் தப்பு."

சொல்லியிருந்தாள். மொரீனுக்கு இப்போது அந்தக் குரலே காதில் கேட்டது. கலோரி என்றுதான் சொன்னாள். ஊரில் வாயால் எல்லாரும் கலோரி என்கிறார்கள், பாக்கெட்டில் அச்சடிப்பது கிலோஜூல். நாட்டின் நாணயம் மாறிய பிறகும் அவளுடைய அப்பா சாகும்வரை பவுண்டு என்றே சொல்லிக்கொண்டு டாலரில் பால் வாங்கியதுபோல, பழைய பேர் ஒன்று, புதுப் பேர் ஒன்று, சரக்கு ஒன்றுதான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். அந்தப் பெண் கொஞ்சம் மல்லுக்கு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுக்கி வைத்த வார்த்தைகளை எங்கே கொட்டுவதென்று தெரியாமல் போனை அணைத்தாள்.

நெவில் படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கையில் சொட்டு மருந்துக் குழாய். மொரீன் உட்காராமல், நின்றபடியே முழுக்கச் சொன்னாள். பலகை, கலோரி, கிலோஜூல், ஏழாயிரத்து ஐந்நூறு. மார்ச் இருபத்தெட்டு கைவிட்டுப் போய்விட்டது, இந்த ரத்தத்தை வைத்துக்கொண்டு மயக்க மருந்து கொடுக்க மாட்டார்களாம் என்பதையும் சொன்னாள்.

"அப்போ நாலுல ஒரு பங்கு சாப்பாடு போட்டிருக்கே," என்றான் நெவில் கூரையைப் பார்த்துக்கொண்டு.

"அதுக்கும் கொஞ்சம் கம்மி."

"சரி. கணக்கு தப்பறது யாருக்கும் வரும்."

அவளுக்கு மூச்சு வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காராதே. நேத்து படியில வெச்சு நான் என்ன சொன்னேன்?"

"பசிக்குதுன்னே. கை நடுங்குதுன்னே."

"அதுக்கு நீ என்ன சொன்னே?"

மொரீன் படுக்கை விரிப்பைப் பார்த்தாள்.

"சொல்லு."

"பொய்யின்னு சொன்னேன்."

"முப்பத்தோரு வருஷம் மொரீன். பிரேக் பிடிக்கலன்னு சொன்னா மறுபேச்சு இல்லாம எறங்கிடுவே. கெழக்க காட்டுத்தீ புகை வாசனை வருதுன்னு சொன்னா ரெண்டு நிமிஷத்துல நாயைத் தூக்கிட்டு வண்டியில இருப்பே. பசிக்குதுன்னு சொன்னா மட்டும் நான் திருடன். ஏன்னா குண்டன் வாயிலேர்ந்து பசின்னு வந்தா அது எப்பவும் பொய்." அவன் குரல் உயரவில்லை. அவளுக்கு அதுதான் தாங்க முடியவில்லை. "இருக்கைக்கு அடியில கையை விட்டுத் துழாவறே. போலீஸ்காரன் மாதிரி. எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

"அப்போ தட்டைத் தூக்கி என் மூஞ்சியில எறிஞ்சிருக்க வேண்டியதுதானே," என்றாள் மொரீன். அடக்கி வைத்ததெல்லாம் இப்போது அவன்மேல் பாய்ந்தது. "வாய் எங்க போச்சு உனக்கு? ரோடு ரெண்டா தெரிஞ்சும் பதினாறு டன் எந்திரத்து மேல ஏறி உக்காந்தியே, என்னை விதவையாக்கத்தானே? டெஸ்கிட்ட மட்டும் சொல்லத் தெரியுது."

"ரெண்டாவது தடவை எடை ஏறினப்போ துணி காயப்போடற கொடிக்குப் பின்னாடி நின்னு அழுதே. நான் பாக்கலன்னு நெனச்சே. மூணாவது தடவையும் அப்படி நிக்க வெக்கக்கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டேன். போதுமா?"

"அதுக்காகச் சாவியா நீ?"

கதவு திறந்தது. செவிலியர் கையில் தட்டோடு உள்ளே வந்தாள். "பக்கத்து ரூம்ல இருக்கறவருக்கு இதயம் வீக்குங்க. சண்டையைக் கொஞ்சம் மெதுவாப் போட்டுக்குங்க." தட்டை அவன் முன்னால் வைத்தாள். "இன்னிக்குக் கொஞ்சம்தான். காஞ்ச வயிறு, மெதுவாத்தான் ஏத்தணும். வேணும்னு அவசரப்படாதீங்க."

பாதி முட்டை சாண்ட்விச்சும் ஒரு கிண்ணம் கஸ்டர்டும் இருந்தன. நெவில் கரண்டியை எடுத்தான். கை இன்னும் நடுங்கியது. முதல் வாய் கஸ்டர்டை வைத்துக்கொண்டு கண்ணை மூடினான். மொரீனின் கண் அவளை அறியாமல் கிண்ணத்துக்குப் போனது, எத்தனை கிராம் இருக்கும் என்று.

"அப்படிப் பாக்காதே," என்றான் கண்ணைத் திறக்காமல்.

"நான் ஒண்ணும் பாக்கல."

"பாக்குறே. நீ பாத்தா எனக்கு எறங்காது. ஜூன் மாசம் வரைக்கும் நானே எழுதிக்கறேன், நானே அளந்துக்கறேன். அந்தப் பொண்ணுகிட்ட நானே பேசறேன். நீ அந்தப் பக்கம் திரும்பு."

போ என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டாள். நாற்காலியைத் தூக்கி ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டு, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் டெஸ் தன் வண்டியில் சாய்ந்தபடி இந்த ஜன்னலைத் தேடிக்கொண்டிருந்தான். கோபம் இன்னும் அவள் விலாவுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. பாதி அவன்மேல், பாதிக்கு மேல் தன்மேல்.

பின்னால் கரண்டி கிண்ணத்தில் உரசியது. நின்றது. வெகு நேரம் நின்றது. அவள் கழுத்து தானாகத் திரும்ப முயன்றது, ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மறுபடி உரசியது.