மூன்றாம் பேராயர் தொடங்கிய பள்ளி

உயர்மறைமாவட்டத்தின் நூறு ஆண்டு வரலாறு எங்கள் அச்சகத்தில்தான் அச்சாகிக்கொண்டிருந்தது. மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. ஏழு பேராயர்கள், ஆளுக்கோர் அத்தியாயம். மூன்றாமவரின் அத்தியாயத்தில் ஒரு வரியைப் படித்ததும் என் பேனா நின்றுவிட்டது.

‘காது கேளாத குழந்தைகளுக்காகப் பேராயர் பெருந்தகை பள்ளி ஒன்றைத் தொடங்கினார்.’

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தொடங்கியவர் கன்னியாஸ்திரியான என் சின்னம்மா. கன்னியர் மடத்தின் சலவை அறையில், ஈரத் துணிகளுக்கு நடுவே, நாலு பிள்ளைகளை உட்காரவைத்துத் தொடங்கினார். அதை மூடச் சொல்லிக் கடிதம் அனுப்பியவர்தான் இந்தப் பெருந்தகை. சின்னம்மா மாடிப்படிக்குக் கீழே இடம் மாற்றினார். உடனே அவரை வேறு மடத்துக்குத் தூக்கியடித்தார்கள். இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்து, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். பள்ளிக்குப் பெயர் வந்த பிறகு, பேராயர் ரிப்பன் வெட்ட வந்தார்.

நூலை எழுதியவர் இப்போதைய பேராயரின் செயலரான ஃபாதர். அவரிடம் போனேன்.

“ஃபாதர், இந்த வரி தப்பு.”

“எழுத்துப் பிழையா?”

“ஆளே பிழை.”

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“மேடம், அவர் காலத்துல நடந்ததையெல்லாம் அவர் செஞ்சதாத்தான் எழுதுவோம்.”

“அப்ப பள்ளிய மூடச் சொன்னதையும் எழுதுங்க.”

சிரிப்பு போய்விட்டது. “கமாவும் புள்ளியும் பாருங்க. அது போதும்.”

நேரே சின்னம்மாவிடம் போனேன். எண்பத்து நாலு வயது. மடத்தில் வயதானவர்கள் தங்கும் பகுதியில் இருந்தார். ‘விட்டுத் தள்ளு’ என்பார் என்றுதான் நினைத்தேன். மெய்ப்பை இரண்டு தடவை படித்தார். பீரோவிலிருந்து பழைய உறை ஒன்றை எடுத்தார்.

“ஆட்டோ கூப்புடு.”

உறைக்குள் இருந்த கடிதத்தை ஃபாதரின் மேசையில் வைத்தார். ‘உடனே மூடுக.’ கீழே பேராயரின் முத்திரை. ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சிஸ்டர், கடவுளுக்கு எல்லாம் தெரியும். அது போதாதா?”

“கடவுளுக்கு எதுக்கு ஃபாதர் புத்தகம்? மனுஷங்க படிக்கத்தான அடிக்கிறீங்க?”

“சரி, அடிக்குறிப்புல உங்க பேரைப் போட்டுடலாம்.”

“அடியில போட நான் என்ன செருப்பா?”

மறுநாள் திருத்திய பக்கம் வந்தது. அந்த வரி இல்லை, சின்னம்மாவும் இல்லை. பள்ளியே இல்லை. அந்த இடத்தில் பேராலயத்துக்குப் புது மணி வாங்கிய செய்தி இருந்தது.

‘அச்சிடலாம்’ என்று அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட மறுத்தேன். “ஒரு கையெழுத்துக்கு ஏம்மா வம்பு?” என்றார் முதலாளி. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியேறினேன். வேறு யாரோ கையெழுத்திட்டார்கள். குறித்த நாளில் புத்தகம் வெளியானது.

சின்னம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

“என் பேர் வேணும்னா போனேன்? அந்தாளு பேரை எடுக்கத்தான போனேன். பள்ளிக்கூடத்தையே தூக்கிட்டானுங்களே, பாவிங்க!”

ஆறு மாதமாக இப்போதைய பேராயருக்கு வாரம் ஒரு கடிதம் எழுதுகிறார். தபாலில் சேர்ப்பது நான். ஒன்றுக்கும் பதில் இல்லை. நேற்றைய கடிதத்தில் ‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டு, பேனாவை அழுத்தி அதை அடித்தார்.

“பொய் எதுக்கு?” என்றார்.