மூன்றடிக் கதவு

வீடு என்பது மனித நாகரிகத்தின் உச்சம். அதிலும் ஒரு பொறியாளர் தன் கையாலேயே வரைந்து கட்டிய வீடு, அந்த உச்சத்தின் மொட்டைமாடி. அப்படிப்பட்ட என் வீட்டில் குளியலறைக் கதவின் அகலம் இரண்டடி. என் மனைவியின் சக்கர நாற்காலி அதைவிட ஓர் அங்குலம் கூடுதல்.

முதுகுத்தண்டு அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவள் கால்கள் இனி நடக்காது என்று சொல்லிவிட்டார்கள். அதை அவள் என்னைவிடத் தைரியமாகவே கேட்டுக்கொண்டாள். கட்டிலில் கிடத்தி ஈரத்துணியால் நான் துடைத்துவிடுவதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"நாலு மாசமாச்சு. கதவைச் சாத்திட்டு நானா ஒரு தடவை குளிக்கணும். வேற எதுவும் வேண்டாம்."

உடனே களத்தில் இறங்கினேன். ஏழு தாள்களில், மூன்று வண்ணப் பென்சில்களால் வரைபடம் தயாரானது. நாற்காலியைச் சக்கரத்துக்குச் சக்கரம் அளந்து, பக்கத்துக்கு அரை அங்குலம் விட்டு, கதவு இருபத்தாறு அங்குலம் என்று முடிவு செய்தேன். கீழே கையெழுத்தும் போட்டேன்.

கொத்தனார் ஏழு தாள்களையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு மனைவியிடம், "அம்மா, கொஞ்சம் கட்டில்ல உக்காந்துக்கிறீங்களா? வண்டி வேணும்" என்றார். இருபத்தாறு அங்குல இடைவெளியில் இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கினார். நாற்காலியில் ஏறி உட்கார்ந்து தானே உருட்டிக்கொண்டு உள்ளே போனார். "ஸ்ஸ்!" என்று கையை உதறினார். விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது.

"சக்கரத்துக்கு இடம் விட்டீங்க சார். கைக்கு விடலியே."

"கையை மடியில் வச்சுக்கிட்டா?"

"அப்ப வண்டிய யாரு தள்றது?"

"அதெல்லாம் அவரே தள்ளுவார்" என்றாள் மனைவி கட்டிலிலிருந்து. "உள்ளே வந்து முதுகும் தேச்சு விடுவார். பெரிய இன்ஜினியர் இல்லையா!"

நம்பாமல் நானும் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு இரண்டு கையிலும் உரிந்தது.

அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்த ஒருமுறையும், கதவு உள்பக்கம் திறந்தால்தான் அழகு என்றேன். "உள்ள அம்மா விழுந்து கதவுமேல சாஞ்சிருந்தா அழகா நின்னு பாப்பீங்களா?" என்றார். கதவு வெளிப்பக்கம் திறந்தது. அகலம் மூன்றடி. வாசல்படியை உடைத்துச் சரிவாக்கினார். நான் ஆசைப்பட்ட பளபளப்புக் கல்லை, "இதுல நானே வழுக்கிடுவேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டுச் சொரசொரப்பு ஓடு பதித்தார். கைப்பிடிகளுக்கு அவர் டேப்பையே எடுக்கவில்லை. "அம்மா, கைய நீட்டுங்க. எட்டற வரைக்கும் போதும், எக்க வேணாம்" என்பார், அவள் விரல் நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போடுவார். முப்பத்துநாலு வருடம் வேலை பார்த்த நான் ஒரு நாளும் யாருடைய கையையும் நீட்டச் சொல்லி அளந்ததில்லை.

ஆறாம் நாள், நன்றியுரை ஒன்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். 'மானுடத்தின்' என்று ஆரம்பித்ததுமே அவர் பதறிப்போய், "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் தண்ணி படக்கூடாது சார்" என்று சொல்லிவிட்டுச் சட்டியைக் கழுவப் போய்விட்டார். அவர் முதுகைப் பார்த்துக் கும்பிட்டேன். அது நடிப்பில்லை.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் மனைவி துண்டை மடியில் போட்டுக்கொண்டு உருட்டிப் போனாள். கை இடிக்கவில்லை. கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. தண்ணீர் கொட்டும் சத்தத்தோடு ஒரு பாட்டும் கேட்டது, சுருதி சேராமல். அரை மணி நேரம் வெளியே நின்று, அந்த மனிதர் நன்றாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஈரத்தலையோடு வந்தாள். கழுத்தெல்லாம் சோப்பு நுரை. முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

"கழுத்துல நுரை போகலியே?"

"தெரிஞ்சாத்தானே."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே!"

"கூப்பிட்டா நானா குளிச்ச மாதிரி ஆகுமா?"

உள்ளே எட்டிப் பார்த்தேன், ஒரே இருட்டு. விளக்கின் சுவிட்ச் வெளிச்சுவரில், ஐந்தடி உயரத்தில் இருந்தது. நான் ஓய்வுபெற்றது மின்துறையில்.