பிசினில் ஒட்டிய பட்டை

கல்தூமாவின் குவியலில் நாலு மாதமாக மரப்பட்டைத் துணுக்கு வந்துகொண்டே இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக சூடானின் உம் ருவாபா ஊர்க் கிட்டங்கியில் பட்டையும் மண்ணும் நீக்கி அரபுப் பிசின் பொறுக்குகிறவள். அவள் கை பட்ட கட்டியை மறுபடி பார்க்கவே வேண்டாம் என்று பேர். அப்படிப்பட்டவளின் மூட்டையை மேஸ்திரி ஹம்தான் இரண்டு தடவை எல்லார் முன்னாலும் கொட்டிக் காட்டி, இன்னொரு தரம் இப்படி வந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டான். புருஷனில்லாத வீடு. மூன்று பிள்ளைகளின் வயிறு அந்தக் கையைத்தான் நம்பியிருந்தது.

யாரோ வேண்டுமென்றே போடுகிறார்கள், வேறென்ன? பக்கத்தில் உட்காரும் பகீத்தா மேல்தான் சந்தேகம். போன வருஷம் வந்தவள், எந்நேரமும் கல்தூமாவின் முகத்தையே பார்ப்பாள். கல்தூமா டீயில் நாலாவது கரண்டி சர்க்கரை போடும்போது, சர்க்கரை வியாதிக்காரிக்கு இது ஆகாதே என்று இழுப்பாள். பெரிய கரிசனம்!

வியாதி ஒன்பது வருஷமாக இருக்கத்தான் செய்தது. தலை சுற்றினால் மாத்திரை, சுற்றாவிட்டால் இல்லை. வருஷத்துக்கு ஒரு தரம் உபய்யித் நகரத்துக்குப் போய்க் கண்ணைக் காட்டச் சொல்லியிருந்தாள் டாக்டரம்மா. வலிக்காத கண்ணுக்கு எவள் பஸ் ஏறுவாள்? முதலில் எழுத்தெல்லாம் கலங்கியது. எழுத்து அவளுக்கு எதற்கு, விட்டுவிட்டாள். பிறகு வலது கண்ணில் கறுப்பு நூல் மாதிரி ஏதோ மிதந்தது. பிசின் தூசிதான் என்று ஆறின டீயில் கண்ணைக் கழுவிக்கொண்டாள். அப்புறம் வெளிச்சம் போதவில்லை என்று வாசல் பக்கம் மாறினாள். பகீத்தாவும் கூடவே வந்து உட்கார்ந்தாள். அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

புதன்கிழமை, தண்ணீர் குடிக்கப் போகிறவள் போல எழுந்து மூட்டை அடுக்குக்குப் பின்னால் பதுங்கினாள். பகீத்தாவின் கை தன் குவியலுக்குள் போவது மங்கலாகத் தெரிந்தது. பாய்ந்து போய் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மேஸ்திரி, இங்க வாங்க! என் சோத்துல மண்ணப் போடுறவள கையும் களவுமா புடிச்சிட்டேன்."

"கத்தாதீங்கக்கா," என்று பகீத்தா கெஞ்சினாள். "உங்களுக்குத்தான் வம்பு."

கல்தூமா அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளே பட்டைத் துணுக்குகள். ஹம்தான் வந்து நின்றான்.

"போடலக்கா, நீங்க பாக்காம விட்டத எடுக்கறேன். நாலு மாசமா எடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எங்கம்மாவுக்கும் இப்படித்தான் கண்ணு போச்சு. தெரிஞ்சா உங்கள நிறுத்திடுவாங்க."

"எங்கிட்டயாவது சொல்றதுக்கென்னடி?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

ஹம்தான் குவியலிலிருந்து ஒரு கட்டியை எடுத்து நீட்டினான். "இதுல என்ன இருக்கு, சொல்லு."

மூக்கருகே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்ன இருக்கு? சுத்தமாத்தானே இருக்கு."

ஒருத்தியும் சிரிக்கவில்லை. ஹம்தான் தலையைக் குனிந்துகொண்டு, அவள் இடத்துக்கு வேறொருத்தியைக் கூப்பிட்டான். கல்தூமா கட்டைவிரலால் கட்டியைத் தடவினாள். பெருவிரல் அகலத்துக்குப் பட்டை நகத்தில் தட்டுப்பட்டது.