அத்தானின் கால் அளவு

மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். பெய்வதா நிற்பதா என்று தூறல் தனக்குள் வாதிட்டுக்கொண்டிருந்தது. குடிநீர் அலுவலகத்தின் சைக்கிள் கொட்டகையில் பாதுகாப்பு அதிகாரி குந்தி உட்கார்ந்து, தொண்டையைச் சோதிக்கும் மருத்துவரைப்போல ஏணியின் சைக்கிளைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

ஏணி என்பது, வீடுவீடாகச் சென்று தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கும் பெண்ணுக்கு அலுவலகம் வைத்த பெயர். அவளைப் பார்த்தவர் எவரும் பெயர்க்காரணம் கேட்டதில்லை.

"கோடு வெளிய தெரியுதும்மா," என்றார் அதிகாரி.

சீட்டைத் தாங்கும் கம்பியில், இதற்கு மேல் உருவக்கூடாது என்பதற்கு ஒரு கோடு பொறித்திருப்பார்கள். அது ஃபிரேமுக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் வெட்கமில்லாமல் நின்றது.

"கோட்ட மறைச்சா முழங்கால் என் மூஞ்சிய மறைக்கும் சார். ரோடு தெரிய வேணாமா?"

"கம்பி ஒடிஞ்சா எங்க குத்தும்னு நான் சொல்லணுமா?"

"வேணாம் சார். எனக்குக் கற்பனை ஜாஸ்தி."

சைக்கிள் பறிமுதலாயிற்று. வெள்ளிக்கிழமைக்குள் வழி பிறக்காவிட்டால் அவளுடைய தெருக்கள் வேறொருவருக்குப் போகும்; அவளுக்குப் புகார் ஜன்னல். குழாயில் தண்ணீர் வராதவர்கள் வந்து வாயைத் திறக்கும் இடம் அது. ஏணி அங்கே ஒரு பிற்பகல் உட்கார்ந்திருக்கிறாள். நாய் துரத்தினாலும் தெருவே மேல் என்ற முடிவுக்கு அன்றே வந்துவிட்டாள்.

ஆகவே நாற்பது சென்டிமீட்டர் கம்பி கேட்டு இயக்குநருக்கு மனுக் கொடுத்தாள். இயக்குநர் அவளுடைய அக்காவின் கணவர், சிக்கலே அதுதான். அவர் நேர்மையானவர், அந்த நேர்மையால் அவதிப்படாதவர் அலுவலகத்தில் இல்லை. எந்தப் பொருளையும் தாமே பயன்படுத்திப் பார்க்காமல் ஊழியருக்கு வழங்கமாட்டார். மழைக்காலணிகளைத் தேர்ந்தெடுத்தவை அவருடைய பாதங்கள். அதனால் கணக்கெடுப்பாளர் அனைவரும் விரல்களை மடக்கியே நடந்தார்கள். சைக்கிள்களுக்கு முப்பது சென்டிமீட்டர் கம்பி வந்ததும் அப்படியே. அவரோ, மேடை ஏறினால் மைக் மட்டும் தனியாகப் பேசுவதுபோலத் தோன்றும் உயரத்தினர்.

புதன்கிழமை சைக்கிள் கடைக்காரர் நாற்பது சென்டிமீட்டர் கம்பியோடு வந்து, அதை ஏணியின் சைக்கிளில் பொருத்தினார். வழக்கப்படி இயக்குநர் ஏறினார். ஒரு பக்கம் பாதுகாப்பு அதிகாரியும் மறுபக்கம் ஏணியும் தாங்கிக்கொண்டார்கள். இயக்குநரின் கால்கள் பெடலைத் தேடின. அது எந்தத் திசையில் இருக்கிறது என்பதையே அவை அறியவில்லை.

"இன்னும் கொஞ்சம் எறக்குங்க."

"இதுக்கு மேல எறங்காது சார்," என்றார் கடைக்காரர். "உள்ள, தண்ணி பாட்டில் மாட்டுற திருகு தடுக்குது."

"அத்தான், தொங்காதீங்க. எறங்கிடுங்க," என்றாள் ஏணி.

"ஆபீஸ்ல சார்னு கூப்பிடு," என்றார் அவர், அவள் தோளைப் பற்றித் தொங்கியவாறே.

தரையைத் தொட்டதும் தீர்ப்புச் சொன்னார்: "மனுஷன் உட்கார ஏத்ததில்ல."

"எந்த மனுஷன் சார்?"

கடைக்காரருக்கு இருமல் வந்தது.

"உன் பக்கம் நியாயமே இருக்கட்டும். மச்சினிச்சிக்கு மட்டும் பத்து சென்டிமீட்டர் கூடக் குடுத்தான்னு பேசுவாங்க."

"அக்காவக் கட்டினப்ப ஒரு அடி கூடன்னு பேசினாங்க. நீங்க கேட்டீங்களா?"

அவருடைய காதுகள் சிவந்தன, மனம் மாறவில்லை. "பழைய கம்பியிலேயே, கோடு தெரியாம ஓட்டிக் காட்டு. முடியலன்னா அப்புறம் பாக்கலாம்."

கடைக்காரர் கம்பியை மாற்றினார். வேண்டுமென்றே தடுமாறினால் நடிப்பு என்பார்கள். ஆகவே ஒழுங்காகவே ஓட்டுவதென்று ஏணி தீர்மானித்தாள். ஏறி உட்கார்ந்தபோது அவள் மடக்குநாற்காலிபோல ஆனாள். முழங்கால்களை இருபுறமும் அகற்றிக்கொண்டு முற்றத்தை நேராகக் கடந்தாள். வாசலருகே திரும்பவேண்டும். ஹேண்டில்பாரைத் திருப்பினாள்; அது பாதி வழியில் இடது முழங்காலைச் சந்தித்தது. இரண்டும் விட்டுக்கொடுக்கவில்லை. சைக்கிள் வளையாமல், மிகுந்த ஒழுக்கத்துடன், சேற்றுக்குழிக்குள் போய்ச் சாய்ந்தது.

யார் விழுந்தாலும் அன்றே தலைமையகத்துக்கு அறிக்கை போகவேண்டும். பாதுகாப்பு அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"காயம்?"

"மானத்துல."

"அதுக்கு எடமில்லம்மா. காரணம்?"

"கோட்ட மதிச்சது."

பேனா நின்றது. கோட்டை மதிக்கச் சொன்னவர் அவர். அறிக்கையில் ஒப்பமிடவேண்டியவரும் அவர்.

"அப்படி எழுத முடியாது."

"வேற காரணம் கெடச்சா எழுதுங்க சார்."

அவர் தேடினார். காற்று வீசவில்லை; பிரேக் நன்றாக இருந்தது; குழிவரை தரை சமமாக இருந்தது. வேறு வழியின்றி இயக்குநரிடம் திரும்பினார்.

"சார், நாப்பதே குடுத்துடலாமே."

"சொந்தக்காரின்னு பேசுவாங்கய்யா."

"மச்சினிச்சியச் சேத்துல தள்ளினாருன்னு பேசினா நல்லாருக்குமா சார்?"

ஏணி மூக்கிலிருந்து சேற்றை வழித்தாள். "நான் இப்படியே போய் அக்காவப் பாத்துட்டு வரட்டுமா சார்? வீடு பக்கந்தான்."

இயக்குநர் ஒரு கணம் யோசித்தார். ஒரு முழு இல்லறமும் அந்தக் கணத்துக்குள் அடங்கியிருந்தது.

"விழுந்தத சோதனையோட முடிவுன்னு எழுதுங்க," என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு, கடைக்காரரைத் தம் அறைக்குள் அழைத்துப்போனார். ஏணி கதவருகில், தரைவிரிப்பில் சேறு படாமல் நின்றாள்.

"கம்பி நீளத்த எப்படிய்யா முடிவு பண்றது?"

"பெடல் அடியில இருக்கும்போது குதிகால வைக்கணும் சார். கால் மடங்காம நிக்கணும். அந்த உயரத்துலயும் கோடு உள்ளயே இருந்தா, அது சரியான கம்பி."

"யாரோட குதிகால்?"

"ஓட்டுறவங்களோடது சார்."

இயக்குநருக்கு இது புதிய செய்தி. ஒருத்திக்கு மட்டும் கொடுத்தால்தானே சலுகை என்பதும் அப்போதுதான் அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும். எழுதத் தொடங்கினார்: கணக்கெடுப்பாளர் ஒவ்வொருவரும் தத்தம் காலுக்கேற்ற சீட் கம்பியைத் தாமே தேர்ந்துகொள்ளலாம். அதன்கீழ், 'இதற்கு இயக்குநரின் கால் அளவாகாது' என்று எழுதினார், அடித்தார், கதவருகில் நின்றவளைப் பார்த்தார், மறுபடியும் எழுதினார். ஒப்பமிட்டு, மை உலர ஊதி, எழுந்து வந்து, சேறு படிந்த அவள் கையில் தாளைக் கொடுத்தார்.