தட்டினால் விட வேண்டும்

அடிக்கக் கற்றுத் தருவார்கள் என்று நினைத்து அந்தத் தற்காப்பு வகுப்புக்குப் போனேன். முதல் நாள் செருப்பை எப்படிக் கழற்றி வைப்பது என்று கற்றுத் தந்தார்கள். முனை வாசலைப் பார்த்திருக்க வேண்டுமாம். விரிப்பில் ஏறும்போது குனிந்து வணக்கம், இறங்கும்போது வணக்கம், நம்மைக் கீழே தள்ளப்போகிறவளுக்கும் வணக்கம். சலவைக்கடையில் நாளெல்லாம் இஸ்திரிப் பெட்டியோடு குனிந்து நிமிர்கிறவளுக்கு இங்கேயும் அதே பிழைப்பு.

வீட்டுக்காரரிடம் உடம்பு இளைக்க என்று சொல்லி வைத்திருந்தேன். அவருக்கு வாயைவிடக் கை முந்திவிடும். ஒருநாளாவது அந்தக் கையைத் தடுத்து உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்றுதான் சேர்ந்தேன்.

இருக்கிற மரியாதைகளிலேயே பெரியது தட்டுவது. கழுத்துப் பிடி இறுகினால் எதிராளியின் கையில் இரண்டு முறை தட்ட வேண்டும். தட்டிய கணமே அவர் விட்டாக வேண்டும். என் ஜோடி மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண். நான் விரலைத் தூக்கினாலே விட்டுவிட்டு, வலிக்கிறதா அக்கா என்று விசாரிப்பாள். தட்ட வெட்கப்படக் கூடாது, வீம்பு பிடிப்பதுதான் மரியாதைக் குறைவு என்பார் மாஸ்டர் அம்மா. தட்டித் தட்டி எனக்கு அது கைப்பழக்கமாகிவிட்டது.

போன வாரம் வீட்டுக்காரரின் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. ஊரார் சட்டையெல்லாம் தேய்க்கிறவளுக்கு என் சட்டை மட்டும் கண்ணில் படாதா என்று ஆரம்பித்தவர், சுவரோடு சாய்த்துக் கழுத்தைப் பிடித்தார். படித்த பிடியும் விடுவிப்பும் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. மடச்சி, அவர் கையில் இரண்டு முறை தட்டினேன். தட்டிவிட்டு, விடுவார் என்று காத்திருந்தேன்.

அவர் இன்னும் இறுக்கினார். எனக்குக் கண் இருட்டிய பிறகு அவருக்கே அலுத்திருக்க வேண்டும்.

அடுத்த வகுப்புக்குக் காலரை இழுத்து மூடிக்கொண்டு போனேன். மருந்துக்கடைப் பெண் வழக்கம்போல வணங்கிவிட்டுப் பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்தாள். பிடி இறுகியது. தட்டக் கை எழவே இல்லை.

கண் விழித்தபோது முகமெல்லாம் தண்ணீர். அந்தப் பெண் தேம்பிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் அம்மாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. படித்துப் படித்துச் சொல்லியும் கேட்காமல், ஒரு சின்னப் பெண்ணைக் கொலைகாரியாக்கப் பார்த்தேனாம்.

"ஏன்மா தட்டல?" என்றார்.

பேசினால் தொண்டை வலித்தது. ஆனாலும் சொன்னேன்.

"வீட்ல தட்டினேன் மாஸ்டர். அவரு விடல."