மூக்கு வைத்துப் பார்த்தவர்

எங்கள் சாய ஆலையின் கழிவுநீரைச் சுத்தம் செய்து மறுபடி ஆலைக்கே அனுப்புவது என் பொறுப்பு. சேற்றுத் தொட்டியின் காற்றுக்குழாயிலிருந்து வரும் அழுகிய முட்டை நாற்றத்தால் பக்கத்துத் தெருக்காரர்கள் ஜன்னல் திறந்தே வருஷக்கணக்காகியிருந்தது. ஒரு பீப்பாயில் தேங்காய் நாரும் கரியும் மாற்றி மாற்றி அடுக்கி, அந்தக் குழாயின் தலையில் உட்கார வைத்தேன். நார் காயாமல் தினமும் தண்ணீர் தெளித்தேன். பத்தே நாளில் நாற்றம் போன இடம் தெரியவில்லை. மேனேஜர் வாயெல்லாம் பல்லாக முதுகில் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தத் தொட்டியில் இறங்கிச் சேறு வாருபவர் என் அக்காவின் கணவர். விஷக்காற்றை அளக்கும் மீட்டர் கெட்டு ஆறு மாதம். புதுசு கேட்டால் ‘பார்க்கலாம்’ என்பார்கள், பார்த்ததில்லை. அதனால் குழாயில் மூக்கு வைத்துப் பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். நாற்றம் அடித்தால் மூடியைத் திறந்து போட்டு, அது அடங்கிய பிறகுதான் இறங்குவார். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பாராட்டு மயக்கத்தில் மண்டையில் உறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை நான் மேலே பம்ப் அறையில் இருந்தேன். கீழே மாமா பீப்பாய்மேல் குனிந்து முகர்ந்தார்.

“மாப்ள, உன் கைவண்ணத்துல கமகமன்னு இருக்குடா! இறங்கிட்டு வந்துடறேன்.”

நானும் சிரித்துக் கையசைத்தேன். அவர் மூடியைத் திறந்து ஏணியில் இறங்கிய பிறகுதான் எனக்குப் பகீரென்றது. பீப்பாய் வடிகட்டியது குழாய் வழியே வெளியே வரும் காற்றை மட்டும்தான்; தொட்டிக்குள் விஷக்காற்று அப்படியே இருக்கும். கத்திக்கொண்டே ஓடினேன். உள்ளேயிருந்து பதில் இல்லை. இடுப்பில் கயிறு கட்டியிருந்ததால் நாலு பேர் சேர்ந்து இழுத்துப் போட்டோம்.

ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நினைவில்லாமல் கிடந்தார். இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். மேனேஜர் என்னைத் தனியே இழுத்தார்.

“மோந்து பாக்காம இறங்கிட்டார்னு எழுதிக் குடுத்துடு. உனக்கும் நல்லது.”

அதைக் கேட்டதும் எனக்கு ஆறுதலாக இருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அக்கா ஓடி வந்து என் கையை இறுகப் பிடித்தாள். “அவசரக்குடுக்கை மனுஷன்! மூக்கு வெச்சுப் பாக்காம இறங்கிட்டாராடா?”

மேனேஜர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாத்தாரு, அக்கா. பாத்துட்டுத்தான் இறங்கினாரு. நாத்தமே தெரியாம நான்தான் அடைச்சு வெச்சிருந்தேன்.”

அக்கா என் கையை விட்டுவிட்டுக் கண்ணாடிக் கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.