தொட்டிக்குக் கீழே இருபது கிலோ

இருபது கிலோ எவ்வளவு என்று என் முதுகைக் கேட்டால் சொல்லும். ஜொகூரில் இருக்கும் லாரி எடைமேடைகளில் பாதிக்கு மேல் நான் இரும்பு சுமந்து ஏறியிருக்கிறேன். எடைமேடை சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்க, இருபது கிலோ எடைக்கற்களை ஒவ்வொன்றாக அதன்மேல் அடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் வேலை. இப்போது ஐம்பத்து மூன்று வயது. காலையில் தூக்கும் கல்லும் சாயங்காலம் தூக்கும் கல்லும் ஒரே கல் என்று கை ஒத்துக்கொள்வதில்லை.

நாற்பத்தொரு வயது வரை எனக்கு எண் மட்டும்தான் தெரியும், எழுத்து தெரியாது. எட்டு வயதில் பால்மரக் காட்டுக்கு ரப்பர் பால் எடுக்கப் போனவன். என் மனைவி சாந்தினிதான் மகள் பிரீத்தியின் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு என்னையும் உட்கார வைத்தாள். வேலையிடத்தில் நான் முதலில் எழுதியது என் பெயரின் முதல் எழுத்து. அதுவும் ஒரு தப்புக்குப் பக்கத்தில். எங்கள் தொழிலில், பதிவேட்டில் எழுதிய எண்ணை அழிக்கக் கூடாது, கிழிக்கவும் கூடாது. தப்பென்றால் அதன்மேல் ஒற்றைக் கோடு போட வேண்டும். கோட்டுக்குக் கீழே பழைய எண் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியான எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படித்தான் 'ம' என்று போட்டேன். மனோகரன் என்று முழுதாக எழுத இன்னும் ஆறு மாதம் ஆனது.

படிக்கத் தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? சிம்பாங் ரெங்கத்தில் பல் மருத்துவர் சொக்கநாதன் தன் கிளினிக்குக்கு மேல்மாடியில் ஒரு வாசகர் வட்டம் நடத்துகிறார். அங்கே அட்டை கிழிந்த ஓர் அறிவியல் புத்தகத்தில்தான் ஈத்தரைப் பற்றிப் படித்தேன். உலகம் முழுக்க ஈத்தர் என்று ஒன்று நிரம்பியிருப்பதாக ஒரு காலத்தில் பெரிய பெரிய விஞ்ஞானிகள் நம்பினார்களாம். ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தேழில் இரண்டு பேர் கண்ணாடிகளை வைத்துத் தேடிப் பார்த்தார்கள், அகப்படவில்லை. கொஞ்ச காலத்தில் உலகம் அதை விட்டுவிட்டது என்றும் அந்தப் புத்தகமே சொன்னது.

நான் விடவில்லை. அவர்கள் பக்கவாட்டில் தேடினார்கள். நான் மேலிருந்து கீழே தேடலாம் என்று நினைத்தேன்.

என் கணக்கு இதுதான். செம்பனை எண்ணெய் ஆலைக்குப் பின்னால் ஓடும் லொங்காங்கைப் பாருங்கள். அந்தக் கால்வாய்த் தண்ணீரில் பழங்கள் மிதந்து வரும். அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைக்குப் பக்கத்தில் வந்ததும் தண்ணீர் சுழலும், பழங்கள் அந்தச் சுழலை நோக்கி ஓடும். ஓட்டையா பழத்தை இழுக்கிறது? தண்ணீர் அல்லவா தள்ளுகிறது! ஈத்தரும் அப்படித்தான். அது இறுகிச் சுழன்றால் பொருள். சுழலும் வேகம் சக்தி. பூமி ஓயாமல் ஈத்தரைக் குடிக்கிறது. அப்படிப் பூமிக்குள் பாயும் ஈத்தர் நம்மைக் கீழே தள்ளுகிறது. அதைத்தான் எடை என்கிறோம். நோட்டுப் புத்தகத்தில் பதினெட்டுப் பக்கம் எழுதினேன்.

எழுதினால் போதுமா, நிறுத்துக் காட்ட வேண்டாமா? எங்கள் பட்டறை செனாய் தொழிற்பேட்டையில் இருக்கிறது. அதன் பின்புறம், உயரமான இரும்புக் கால்களின்மேல் தீயணைப்புத் தண்ணீர்த் தொட்டி. நாற்பது டன் பிடிக்கும். வருடத்துக்கு ஒருமுறை அதைக் காலி செய்து கழுவுவார்கள். போன புதன்கிழமை கழுவும் நாள். எங்கள் டெக்னீஷியன் ஆப்ரின் பாசிர் கூடாங்குக்கு வேலையாகப் போகும்போது பெரிய தராசைத் தந்துவிட்டுப் போனாள். அது பத்தில் ஒரு கிராம் வரை காட்டும். தொட்டிக்கு நேர் கீழே அதை வைத்து, காற்றுப் படாமல் பலகையால் மறைத்து, இருபது கிலோ கல்லை ஏற்றினேன்.

எங்கள் லாரி டிரைவர் காளிதாஸ், பாலில்லாத் தேநீரான தே ஓ பொட்டலத்தோடு வந்து நின்றான்.

"டேய் மனோ, தொட்டிக்குக் கீழ தராசு வச்சு என்னத்தடா நிறுக்கப் போற? தொட்டியோட நெழலையா?"

"ஆமா, நெழலத்தான். மேலருந்து வர்ற ஈத்தர்ல கொஞ்சத்த அந்தத் தண்ணி குடிச்சிடும். கீழ இருக்கிற கல்லுக்குத் தள்ளு கொறையும்."

"அப்ப நீ தெனமும் இங்கயே படுத்துக்க லா. தொப்பையாவது கொறையும்."

எட்டரைக்குத் தொட்டி காலி. தராசு 20000.0 என்றது. தண்ணீர் ஏறத் தொடங்கியது. பத்து மணிக்கு 19999.8. பதினொன்றரைக்கு 19999.6. தொட்டி நிரம்பியபோது மணி ஒன்று, தராசு 19999.4. இந்த நாலரை மணி நேரமும் கல்லை நான் தொடவே இல்லை, சோதனை கெட்டுவிடும் என்று. எண்ணைப் பதிவேட்டில் எழுதினேன். தராசின் சுவிட்சை அணைத்தேன். கல்லை இறக்கி வைத்துவிட்டுச் சொக்கநாதனுக்குப் போன் போட்டேன்.

"மனோகரன், என்ன சொல்றீங்க! நிஜமாவே கொறஞ்சுதா?"

"கொறஞ்சது டாக்டர். எழுதி வச்சிருக்கேன்."

ஒரு மணி நேரத்தில் வாசகர் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்துவிட்டது. 'ஈத்தர் இருக்கிறது: எடைக்கல் சுமக்கும் தொழிலாளியின் நிரூபணம். ஞாயிறு காலை பத்து மணி.' என் படமும் போட்டிருந்தார். சாந்தினி அதைத் தன் தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் நாற்பது பேருக்கும் அனுப்பினாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் 'அ' எழுதத் தெரியாத புருஷன். அவளுக்குப் பெருமை இருக்காதா?

வெள்ளிக்கிழமை பெக்கோக் பக்கம் ஓர் ஆலையில் வேலை. எடைமேடையில் கற்களை ஏற்றி முடித்த நேரம், ஆலைக்காரர்கள் தொழுகைக்குக் கிளம்பிவிட்டார்கள். காளிதாஸும் நானும் சாப்பிடப் போனோம். திரும்பி வந்தபோது எடை எழுதும் அங்கம்மா ஜன்னலில் இருந்து கூப்பிட்டாள்.

"அண்ணே, கல்லெல்லாம் வச்ச எடத்துலதான் இருக்கு. நம்பர் மட்டும் எறங்கிப் போச்சு. எடை போடுற தீம்பாங் கெட்டுப் போச்சா? மேனேஜர் என்னயத்தான் ஏசுவாரு."

இறக்குவதற்காக எடுத்த முதல் கல்லோடு நின்றுகொண்டே பதில் சொன்னேன். "கெட்டுப் போகலமா. பாரத்தோட ரொம்ப நேரம் நின்னா தராசும் நம்மளப் போலத்தான், கொஞ்சம் தொய்ஞ்சிடும். எல்லாத்தயும் எறக்கு. சைபர் வருதான்னு பாரு. மறுபடி ஏத்து. சைபரப் பாக்காம எழுதுற நம்பர் நம்பரே இல்ல."

இதை நான் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றுதான் என் காதிலேயே விழுந்தது. புதன்கிழமை நான் சைபரைப் பார்க்கவில்லை. கல்லை இறக்குவதற்கு முன்பே சுவிட்சை அணைத்தவன் நான்.

"அந்தக் கல்ல கீழ வையிடா," என்றான் காளிதாஸ். "ஏன் செல மாதிரி நிக்கிற?"

லாரியில் திரும்பும்போது அவனிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"இத யாருகிட்டயும் சொல்லாம புதன்கிழமை நம்பரயே வாசிச்சிடு. அங்க வர்றவங்கள்ல எவன்டா தராசுல கை வச்சவன்? ஒருத்தனுக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

"ஞாயித்துக்கிழம மானம் போச்சுன்னா? 'படிக்காதவன் ஒளர்றான்'னு சொல்லுவாங்கடா."

அதுதான் எனக்கும் பயம். பொய் சொல்லி மாட்டுவதுகூடப் பெரிதில்லை. எழுத்து தெரிந்தும் இவன் பழைய மனோகரன்தான் என்று ஒரு ஆள் சிரித்துவிட்டால், அதற்குப் பிறகு நான் பேனாவைத் தொடுவேனா என்று தெரியவில்லை. ஆனால் நிறுத்துப் பார்ப்பது எனக்கு வரும். அதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. முதலில் நிறுப்போம், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பட்டறைக்குள், தொட்டியை விட்டுத் தள்ளி, அதே தராசில் அதே கல்லை வைத்தேன். விஷயத்தைக் கேட்டு ஆப்ரினும் வந்திருந்தாள். நாலரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அங்கிள், ஒண்ணு கேக்கட்டா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளும்மா."

"பூமி இழுக்குதுன்னுதான் நாங்க படிச்சோம். அப்டின்னா அந்தத் தொட்டித் தண்ணியும் கல்ல மேல இழுக்கணும் இல்லையா? அப்பவும் எடை கொறையத்தான் செய்யும். ஒங்க கணக்குலயும் கொறையும், எங்க கணக்குலயும் கொறையும். அப்புறம் கொறஞ்சா யாரு ஜெயிச்சதா அர்த்தம்?"

மனசுக்குள் நோட்டைப் புரட்டினேன். பதினெட்டுப் பக்கத்திலும் அது இல்லை.

"அலமாக், மாட்டிக்கிட்டேனே," என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் என்னிடம் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"ஒங்க கணக்குப்படி எவ்ளோ கொறையும்?"

அவள் போனில் தட்டிப் பார்த்தாள். "இந்தத் தராசோட கடைசி நம்பர்ல நூறுல ஒரு பங்குகூட வராது அங்கிள். கண்ணுக்கே தெரியாது."

"நான் தெரியும்னு எழுதியிருக்கேன். அப்ப தெரியுதான்னு பாத்துடுவோம்."

பன்னிரண்டரைக்குத் தராசு 19999.4 என்றது. மேலே கூரையைத் தவிர ஒன்றும் இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கல்லைத் தூக்கினேன். வெறும் தராசு சைபருக்குக் கீழே 0.6 காட்டியது. புதன்கிழமை குறைந்தது அதே 0.6தான். அன்று குறைந்தது கல்லின் எடை இல்லை. தராசு தொய்ந்திருக்கிறது.

அதோடு விட்டால் என் தப்பு மட்டும்தான் தெரியும், தொட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. தொட்டியைக் காலி செய்ய இன்னும் ஒரு வருடம் ஆகும். ஆனால் தொட்டி நகராவிட்டால் என்ன, தராசு நகருமே! தொட்டிக்குக் கீழே வைத்தேன். மட்டம் பார்த்தேன், சைபர் பார்த்தேன், கல்லை ஏற்றினேன், எண்ணைச் சொன்னேன், இறக்கினேன், மறுபடி சைபர் பார்த்தேன். பிறகு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அறுபது அடி தள்ளி, வெளி மதிலோரம் வைத்தேன். மறுபடி தொட்டிக்குக் கீழே. பலகையையும் நானே சுமந்தேன். பத்துத் தடவை. ஆறாவது தடவையில் முட்டி கெஞ்சியது. ஆப்ரின் தூக்க வந்தாள், வேண்டாம் என்றேன். கல்லை ஒரே மாதிரி வைக்க என் கைக்குத்தான் தெரியும்.

பத்துத் தடவையும் 20000.0. தொட்டிக்குக் கீழேயும் அதுதான், மதிலோரமும் அதுதான்.

பதிவேட்டைத் திறந்து 19999.4 மேல் ஒற்றைக் கோடு போட்டேன். பக்கத்தில் 20000.0 என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். இந்த முறை முழுப் பெயர்.

சாந்தினியிடம் அன்று இரவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஞாயிறு காலை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டாள். "ஒடம்பு சரியில்லன்னு டாக்டர்கிட்ட சொல்லிடவா?"

"ஒடம்புக்கு என்ன? முட்டிதான் வலிக்குது."

"என் லைன்ல நாப்பது பேருக்கு அனுப்பியிருக்கேங்க. அதுல ஆறு பேரு வர்றாங்க."

"வரட்டும். நல்லாத்தான் வாசிப்பேன்."

அவள் சட்டையை நீட்டினாள். "கடைசி வரிய முழுங்காதீங்க. ஒங்களுக்கு அந்தப் பழக்கம் இருக்கு."

மேல்மாடியில் நாற்காலி போதவில்லை. முன்னால் சுவரில் அந்த அறிவிப்பைப் பெரிதாக அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். நான் பதினெட்டுப் பக்கத்தையும் வாசித்தேன். லொங்காங்கையும் பழத்தையும் சொன்னபோது தலையாட்டினார்கள். புதன்கிழமை எண்ணைச் சொன்னதும் கை தட்டினார்கள்.

"கை தட்டாதீங்க, இன்னும் முடியல," என்றேன்.

முந்தின இரவு எழுதிய பத்தொன்பதாவது பக்கத்தை வாசித்தேன். வெள்ளிக்கிழமை அங்கம்மாவுக்குச் சொன்னது, அணைத்த சுவிட்ச், சனிக்கிழமையின் பத்துத் தடவை, ஆப்ரினின் கேள்வி. எதையும் விடவில்லை. பதிவேட்டைத் தூக்கி, கோடு போட்ட எண்ணைக் காட்டினேன். பத்துத் தடவையும் வித்தியாசம் இல்லை என்ற கடைசி வரியைச் சத்தமாகவே வாசித்தேன்.

கீழே சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் அபூபக்கர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அப்ப ஈத்தர் அவுட்டா தம்பி?"

இரண்டு பேர் சிரித்தார்கள். நான் பயந்த சிரிப்பு அதுதான். வந்தது, போனது. நான் நின்ற இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"ஈத்தர் இருக்கா இல்லையான்னு இந்தத் தராசு சொல்லாது பாய். நான் எழுதின அளவுக்கு அது தள்ளல. அத மட்டும் சொல்லும். இருபது கிலோவுல பத்துல ஒரு கிராம் அளவுக்குக்கூட வித்தியாசம் இல்ல. நானே தூக்கி வச்சுப் பாத்தேன். யாருக்காவது சந்தேகம்னா நாளைக்கு செனாய்க்கு வாங்க, மறுபடி தூக்கறேன். இல்ல, நீங்க தூக்குங்க, நான் எழுதறேன்."

"அந்த எழுதுற வேலைய எனக்குக் குடு," என்றார் அபூபக்கர். இப்போது எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். பின்வரிசையில் சாந்தினியோடு வந்த ஒரு பெண் எழுந்து, மட்டம் எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேட்டாள். அதற்கு அரை மணி நேரம் ஓடியது.

எல்லாம் முடிந்ததும் சொக்கநாதன் சுவரைப் பார்த்தபடி நின்றார். "மனோகரன், நான் வேற 'நிரூபணம்'னு போட்டுட்டேனே. கிழிச்சிடவா?"

"கிழிக்காதீங்க டாக்டர்." மேசையில் இருந்த மார்க்கரை எடுத்து நீட்டினேன். "ஒரே கோடு. கீழ இருக்கிறது தெரியணும்."

அவர் நாற்காலிமேல் ஏறி, அந்தச் சொல்லின்மேல் நேராக ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் 'சோதனை' என்று எழுதினார். பிறகு திரும்பி என்னிடம் மார்க்கரை நீட்டினார்.

"இந்தாங்க, கையெழுத்துப் போடுங்க."

"நானா? எழுதினது நீங்க, தப்பும் ஒங்களோடது," என்றேன். "நீங்கதான் போடணும்."